சங்கு கழுவிய கையால் பல் கழுவினேன்

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் படுத்திருந்துவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர், தெருவில் போகிறவர், மாதா கோயில் பூசையில் பக்கத்தில் உட்காருகிறவர் என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். இனிச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "வாய் வலிச்சிருச்சுன்னு இப்ப கையில ஆரம்பிச்சிட்டியா" என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். அவர் கிடக்கிறார். உயிர் போய் வந்தது எனக்கு, அவருக்கா?

என் பெயர் பிரகாசி. ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் எங்களுக்குச் சங்குக்கடை. வீட்டுக்காரர் சந்தியாகு பாம்பனுக்கும் அக்காள்மடத்துக்கும் போய் வலைக்காரர்களிடம் சங்கு, சோழி, முள்சிப்பி எல்லாம் வாங்கி வருவார். அதைக் கழுவி மெருகேற்றுவது என் வேலை. கடலிலிருந்து வந்த சங்கைப் பார்த்தால் நீங்கள் கையால் தொடமாட்டீர்கள். உள்ளே அழுகல், மேலே பாசி, எட்டு வீட்டுக்கு நாற்றம். மண்ணில் புதைத்துச் சதை போக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, புளித்தண்ணீரில் ஊறவைத்து, பொடி மணலும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கடைசியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பேன். பிறகு பாருங்கள். வடக்கத்தி யாத்திரைக்காரர்கள் என் கடையில் நின்று அந்தச் சங்கில் முகம் பார்ப்பார்கள். இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எனக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே பல் முழுக்கப் போய்விட்டது. ஈறில் சீழ் பிடிக்கிற நோய். ஈறு சுருங்கிச் சுருங்கி, பல் வேரோடு ஆடி, ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடும். ராமநாதபுரம் கடைவீதியில் பல் கட்டுகிறவர் ஒருவர் வாயில் சாந்து வைத்து அச்சு எடுத்து, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்றாக ஒரு செட்டு கட்டிக் கொடுத்தார். ரோஸ் நிற ஈறு, முத்து மாதிரிப் பல். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது கல்யாணத்துக்கு முந்தைய பிரகாசி திரும்பி வந்திருந்தாள்.

அவர் கிளம்பும்போது சொல்லித்தான் அனுப்பினார். சாப்பிட்டதும் கழற்றிக் கழுவணும். மிருதுவான பிரஷும் சாதா சோப்பும் போதும். வெந்நீர் ஆகாது, வெயில் ஆகாது. ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு, ஈறுக்கு ஓய்வு கொடுக்கணும். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். ரயிலில் பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் என் மனசு வேறு மாதிரிப் பேசியது. இருபது வருஷமாகக் கடல் அழுக்கையே கழுவுகிறவளுக்கு, கையகலப் பல்லைக் கழுவச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் செட்டுக்குச் சங்கு வைத்தியம்தான். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை அதன் மேல் ஊற்றி ஊறவைப்பேன். புளித்தண்ணீர், பொடி மணல், நார். பிறகு சோழியோடு சோழியாக வெயிலில் ஒரு மணிநேரம். ஞாயிறு பூசைக்கு நான் சிரித்தால் பீடத்து மெழுகுவர்த்தி தோற்கும். கழற்றுவது அந்த ஒரு மணிநேரம்தான். பொக்கை வாயை வீட்டுக்காரரிடம் காட்ட எனக்குக் கூச்சம். போட்டபடிதான் தூங்குவேன்.

மூன்றாம் வருஷம் கீழ்ச் செட்டு ஆட ஆரம்பித்தது. மென்றால் ஒரு பக்கம் தூக்கியது. பஞ்சை மடித்து அடியில் வைத்துச் சமாளித்தேன். அப்புறம் இடது பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு புண் வந்தது. முதலில் உளுந்து அளவு. வாய்ப்புண்தானே என்று தேங்காய்ப்பால் கொப்பளித்தேன். அது உளுந்தாக இருக்கவில்லை. மூன்று மாதத்தில் ஓரம் தடித்து, அவரைக்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. காரம் பட்டால் கண்ணில் நீர் கொட்டும்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா கன்னத்தில் புற்று வந்து செத்தாள். அதுவும் இப்படித்தான், இடது பக்கம், சின்னப் புண்ணாகத் தொடங்கியது. கடைசி மாதங்களில் அம்மாவால் கஞ்சி விழுங்க முடியாது. நான்தான் பஞ்சில் நனைத்துப் பிழிவேன். அவளைப் போலவே நானும் வெற்றிலையும் புகையிலையும் போட்டவள். பல் போன பிறகு விட்டேன். அதனால் இந்தப் புண்ணை நாக்கு தொடும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் வாய் ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கடையில் பேசும்போது கீழ்ச் செட்டில் ரத்தம் வழிந்ததை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன பிரகாசி இது?"

"ஒண்ணுமில்லைங்க. கடிச்சுக்கிட்டேன்."

"வாயத் தெற."

திறந்தேன். பார்த்தார். கடைப் பலகையை எடுத்துப் போட்டுப் பூட்டினார். என் அம்மாவைக் கல்லறைக்குத் தூக்கிப்போனவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் காலை ரயிலில் ராமநாதபுரம் போனோம்.

சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவருக்கு என்ன, அவருக்கு என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிட மோசமாக ஒருவர் இருந்தால் போதும் என்று தோன்றியது. வெட்கம்தான், ஆனால் தோன்றியது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "பெண்கள் வார்டுல சேர்ந்துக்கங்க. பல் டாக்டர் நாளைக்கு மதுரையிலேருந்து வருவாரு" என்றார். பல் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறவர்.

சேர்ந்த அன்றே ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரை ஒரு நீல மருந்தில் சொட்டுவிட்டுக் காய்ச்சினார்கள். நீலம் மாறாமல் இருந்தால் உடம்பில் சர்க்கரை ஏறவில்லை என்று அர்த்தமாம். எனக்கு நீலம் நீலமாகவே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மைமூன் பீவிக்கு அது செங்கல் நிறத்துக்குப் போனது. கீழக்கரைக்காரர், அறுபது வயது. காலில் ஆறாத புண்ணோடு என்னைவிட ஒரு வாரம் முன்பே வந்தவர்.

"உனக்கு நீலம், எனக்குச் செவப்பு. நீ கடலு, நான் செங்கச்சூளை" என்றார் என்னைப் பார்த்து. அந்தப் பேச்சிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்குப் பீவியக்கா.

செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. என் கழுத்தைத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தால் பயம், மெத்தென்று இருந்தால் பயமில்லை, இது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்றார். பிறகு செட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"செட்டை எப்படிம்மா சுத்தம் பண்றீங்க?"

என்ன சொல்வேன்? பல் கட்டுகிறவர் ஆகாது என்று சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தவள். வார்டே கேட்டுக்கொண்டிருக்கிறது.

"பச்சைத் தண்ணிதான் டாக்டர். சோப்புப் போட்டு."

"வெந்நீர் எதுவும் விடறதில்லையே?"

"அதெல்லாம் இல்லை."

"ராத்திரி கழட்டி வச்சிருவீங்களா?"

"வைக்காம?"

மூச்சு விடாமல் மூன்று பொய். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியார் மண்டியிட வைத்துவிடுவார். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பொய்யால் என்ன கெட்டுப்போகும் என்றுதான் நினைத்தேன். எத்தனையோ ஆயிரம் சங்கை வெந்நீரில் போட்டிருக்கிறேன், ஒன்றாவது வளைந்திருக்குமா?

டாக்டர் செட்டை என் வாயில் வைத்து அமுக்கினார். அது ஒரு பக்கம் எழும்பியது. நெற்றி சுருங்கியது அவருக்கு. "நல்லா வச்சிருந்த செட்டு வாய்க்குப் பொருந்தலைன்னா, தாடை உள்ளுக்குள்ள மாறியிருக்கணும்" என்றார். பிறகு நர்சம்மாவிடம் இங்கிலீசில் பேசினார். அதில் ஒரு சொல் எனக்கும் தெரிந்த சொல். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சதை எடுத்தார்கள். புண்ணின் ஓரத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டு, பட்டாணி அளவு வெட்டி, ஒரு தையல் போட்டார்கள். வலி இல்லை. கத்தரி வெட்டுகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. துண்டை ஒரு குப்பியில் மருந்துத் தண்ணீரில் போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அதை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். புற்று என்றால் அங்கே தெரிந்துவிடும். பதில் வர இரண்டு வாரம். நான் மதுரையைப் பார்த்ததே இல்லை. என் சதை எனக்கு முன்னால் போய்விட்டது.

"அதுவரைக்கும் செட்டைப் போடவே கூடாது. புண்ணு தானா சுருங்குதான்னு பார்க்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். காலையும் மாலையும் பென்சிலின் ஊசி.

எங்கள் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். கடையைப் பாதி நாள் திறந்துவிட்டு ரயில் பிடித்து வருவார். கையில் தூக்குச்சட்டி. அதில் சுறாப்புட்டு இருக்கும். பல் இல்லாத வாய்க்குச் சுறாப்புட்டை விட்டால் வேறு கதி இல்லை. நாக்கில் வைத்தால் போதும். தானே அவித்து, முள் இருக்கிறதா என்று விரலால் பிசைந்து பிசைந்து பார்த்துக் கொண்டுவருவார். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அடுப்படிக்குப் போனவர். ஒருநாள் உப்பு இல்லை, ஒருநாள் உப்பு மட்டும்தான். நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

"சங்கு எப்படிப் போகுது?"

"நானே கழுவுனேன். அழுக்கு அப்படியே இருக்கு. நீ வந்துதான் பார்க்கணும்."

நான் திரும்பி வருவேன் என்பதை அவர் இப்படித்தான் சொல்வார். ஆனால் இவ்வளவு அன்பாக இருக்கிற மனுசனிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் வருவதற்கு முன்னால், மூன்றே முக்காலுக்கு, தலையணைக்கு அடியிலிருந்து செட்டை எடுத்து மாட்டிக்கொள்வேன். அவர் போனதும் கழற்றுவேன். பீவியக்கா பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஏம் புள்ள, டாக்டரு போடக்கூடாதுன்னுதான சொன்னாரு?"

"ஒரு மணிநேரந்தானக்கா."

"புருசனுக்குத் தெரியாத வாயா உன் வாயி?"

அடுத்த செவ்வாய் வந்து பார்த்த டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. "செட்டை எடுத்து நாலு நாளாச்சு. புண்ணு ஒரு நூலும் சுருங்கலையே" என்றார். நர்சம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். காரணம் இல்லாமல் ஒரு நர்சு முதுகைத் தடவமாட்டார். அதற்குப் பிறகு நான் உயில் எழுதுகிறவள் மாதிரி நினைக்க ஆரம்பித்தேன். கடைச் சாவி யாரிடம், பெரிய வலம்புரிச் சங்கு யாருக்கு என்றெல்லாம்.

வியாழக்கிழமை பீவியக்காவுக்குக் கடிதாசி வந்தது. கொழும்பில் வியாபாரம் பார்க்கிற மகன், உம்மாவைப் பார்க்கத் தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடி வந்து, மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். மூன்று வருஷம் கழித்து வருகிறான். பீவியக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, தன் பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் இரண்டு வரிசையும் கட்டினதுதான். பாக்குக் கறை ஏறிப் பழுப்பாக இருந்தது.

"என்னத்தப் புள்ள செய்ய. இந்தப் பல்லோட சிரிச்சா, புள்ளை பயந்துபோவான்."

எனக்கு உடம்பில் ஒரு வேகம் வந்தது பாருங்கள். பத்து நாளாக அடுத்தவர் தயவில் படுத்திருந்தவள். இதோ எனக்குத் தெரிந்த வேலை. "எங்கிட்ட குடுங்கக்கா. ராமேஸ்வரத்துல வந்து கேட்டுப் பாருங்க பிரகாசி கையைப் பத்தி" என்று வாங்கிக்கொண்டேன்.

வார்டு ஆயா பாக்கியத்திடம் வெந்நீர் கேட்டேன். அவள் நல்ல மனசுக்காரி. ஊசி காய்ச்சுகிற எவர்சில்வர் சட்டியில், ஊசியெல்லாம் எடுத்த பிறகு, செட்டைப் போட்டுவிட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் நான் இறக்கி வைத்த வெந்நீரைத்தான் ஊற்றுவேன். இங்கே அடுப்பிலேயே கொதிக்கிறது, இன்னும் நல்லது என்று நினைத்தேன். கால் மணிநேரம் கழித்து எடுத்து, ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் ரசத்துக்கு வைத்திருந்த புளியில் கொஞ்சம் வாங்கி ஊறவைத்து, தோட்டத்து மணலைச் சலித்துத் தேய்த்து, ஜன்னலில் வெயிலில் வைத்தேன். பழுப்பெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

பீவியக்கா பிஸ்மி சொல்லி வாயில் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். மேல் செட்டு ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் உதட்டை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. கீழ்ச் செட்டு நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"அல்லாவே, இது யாரு பல்லு?"

நான் வாங்கிப் பலகையில் வைத்தேன். நேற்று வரை நாலு பக்கமும் படிந்து உட்கார்ந்திருந்த செட்டு, தொட்டால் இப்படியும் அப்படியும் ஆடியது. அந்த ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டம். தலையணைக்கு அடியிலிருந்து என் கீழ்ச் செட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் தொட்டேன். அதே ஆட்டம், கொஞ்சம் குறைச்சல்.

பீவியக்காவின் பல்லைக் கெடுத்துவிட்டேன் என்ற வெட்கம் ஒரு பக்கம். அதை மீறிக்கொண்டு, அப்படியென்றால், அப்படியென்றால் என்று ஒன்று உள்ளேயிருந்து கிளம்பியது. தாடை மாறியிருக்கணும் என்றாரே டாக்டர். மாறினது தாடை இல்லாவிட்டால்?

வெள்ளிக்கிழமை டாக்டர் வார்டுக்குள் காலை வைத்ததும் கட்டிலை விட்டு எழுந்து போய் நின்றேன்.

"டாக்டர், நான் மூணு பொய் சொன்னேன்."

அவர் திகைத்துப்போனார். எல்லாவற்றையும் கொட்டினேன். சனிக்கிழமை வெந்நீர், புளி, மணல், நார், வெயில், போட்டபடி தூங்கினது. நாலு மணிக்கு மாட்டினதையும் சொன்னேன். அது நாலாவது பொய். பீவியக்காவின் செட்டையும் என் செட்டையும் மேஜையில் வைத்து ஆட்டிக்காட்டினேன். சொல்லச் சொல்ல அவர் கண் பெரிதாகிக்கொண்டே போனது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சங்கு மாதிரியா?" என்றார்.

"ஆமா டாக்டர். எண்ணெய் மட்டும் போடலை."

அவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். சங்கு கல், வெந்நீரில் போட்டாலும் அப்படியே இருக்கும். இந்தச் செட்டு ஒருவகை ரப்பர் மாதிரிச் சரக்கு, சூட்டில் இளகி வளையும். காய்ந்தாலும் உருவம் மாறும். மணல் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அந்தக் கீறலில்தான் அழுக்கும் கிருமியும் குடியேறும். "இந்தம்மா செட்டுல ஒரே நாள்ல பண்ணதை, உங்க செட்டுல மூணு வருஷமா வாராவாரம் பண்ணியிருக்கீங்க. வளைஞ்ச விளிம்பு ராவும் பகலும் ஒரே எடத்துல அறுத்தா, புண்ணு எப்படிம்மா ஆறும்?"

"அப்ப புத்து இல்லையா?"

"அதை மதுரைதான் சொல்லணும். ஆனா ஒண்ணு பார்க்கலாம். பல் கட்டினவர் உங்க பழைய அச்சை வச்சிருப்பாரா?"

அன்று எங்கள் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தூக்குச்சட்டியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கடைவீதிக்கு ஓடினார். ஓடினார் என்றால் ஓடினார்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பல் கட்டுகிறவர் அச்சுகளையெல்லாம் பெயர் எழுதி அடுக்கி வைக்கிறவராம். அரை மணிநேரத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய என் தாடையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுவந்து சேர்ந்தார். வேர்த்துக் கொட்டியது.

டாக்டர் என் செட்டை அந்த அச்சின் மேல் வைத்தார். உட்காரவில்லை. ஒரு பக்கம் எழும்பியது. பிறகு என் வாயில் மெழுகு வைத்துப் புது அச்சு எடுத்தார். கவராயத்தால் பழையதை அளந்தார், புதியதை அளந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். பாக்கியம் விளக்குமாற்றோடு நின்றாள்.

"தாடை கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. அது எல்லாருக்கும் தேயும். மத்தபடி அப்படியே இருக்கு. மாறினது செட்டுதான்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் நினைவு வந்தது, நான் பல் இல்லாமல் நிற்கிறேன். கையால் மூடப்போனேன். "கைய எடு. இத்தனை நாளு எதை மறைச்ச நீ?" என்றார். நான் கையை எடுத்துவிட்டேன்.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவில் பீவியக்காவின் மகன் வந்து நின்றான். கோட்டு, தொப்பி, கையில் பிஸ்கோத்துத் தகரம். பொக்கை வாயோடு உம்மாவைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "உம்மா, புதுசாப் பொறந்த புள்ளை மாதிரி இருக்கியே" என்று கன்னத்தைப் பிடித்தான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். புதுச் செட்டுக்கு என் பெரிய வலம்புரியைத் தருகிறேன் என்றேன். பீவியக்கா என் கையை இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தார்.

"வுடு புள்ள. என் பல்லு போயித்தான் உன் உசுரு பொழைக்கணும்னு அல்லா எழுதியிருந்தா, போவட்டும்."

அன்றிலிருந்து செட்டை நான் தொடவில்லை. நாலு நாளில் புண்ணின் தடிப்பு இறங்கியது. நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அவரைக்கொட்டை பட்டாணியானது, பட்டாணி உளுந்தானது. காலையில் எழுந்ததும் பீவியக்காவிடம் வாயைத் திறந்து காட்டுவேன். அவர் எட்டிப் பார்த்து, "இன்னிக்குக் கடுகு" என்பார். ஆனாலும் பயம் முழுசாக விடவில்லை. அம்மாவுக்கும் நடுவில் ஒருமுறை ஆறின மாதிரி இருந்தது.

பத்தொன்பதாம் நாள் மதுரைக் காகிதம் வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமைதான். டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பிரித்தார். நான் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தேன். பீவியக்கா கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

"புத்து இல்லை. வெறும் உரசல் புண்ணு."

"இன்னொரு தடவை படிங்க டாக்டர்."

படித்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன், படித்தார். அப்புறம் நான் ஓவென்று அழுதேன். எனக்காக மட்டும் அழவில்லை. என் அம்மாவுக்கு இப்படி ஒரு காகிதம் வரவில்லையே என்று அழுதேன். அழுதுகொண்டே இருந்தவள் பீவியக்காவைப் பார்த்தேன். அவர் பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேர் வாயிலும் சேர்த்து ஒரு பல் கிடையாது. வார்டே எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு, முத்துப் பல்லோடு நான் மூன்று வருஷம் சிரித்த எந்தச் சிரிப்பையும் விட நன்றாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஈறு நன்றாகக் கெட்டியான பிறகு, எனக்கும் பீவியக்காவுக்கும் புதுச் செட்டு வந்தது. வலம்புரியை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. மகனே பார்த்துக்கொண்டான். ஒரே நாளில் இருவரும் டாக்டரிடம் காட்டப் போனோம். இப்போது வீட்டில் சாப்பிட்டதும் கழற்றிக் கழுவுகிறேன். கைதவறி விழுந்தால் உடையாமல் இருக்க, அடியில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவுகிறேன். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்கிறேன். படுக்கப்போகுமுன் மண்கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் செட்டைப் போட்டு வைப்பது எங்கள் வீட்டுக்காரர் வேலை. அவரே எடுத்துக்கொண்ட வேலை.

காட்டப் போன அன்று டாக்டர் செட்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார்.

"எப்படிம்மா சுத்தம் பண்ணுவீங்க?"

நான் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் பீவியக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்கம்மா?"

"இவ சொன்ன மாதிரிதான் டாக்டரே" என்றார் பீவியக்கா. "ஆனா கழட்டி வச்சா, இவ கைக்கு எட்டாத எடத்துல வைப்பேன்."